டிபென்ஸ் எழுதிக் கொடு!

மத்தியானச் சாப்பாடு முடிந்து, டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஸீட்டுக்கு வந்தால், மேஜை மேல் ஒரு பழுப்புக் கவர். ஆபீஸ் அசிஸ்டென்ட் பக்கத்திலேயே நின்றார். "சார், இதுல ஒரு கையெழுத்து..." என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. தினமும் என் முகத்தைப் பார்த்துக் கைமாற்று கேட்கிற மனுஷன், அன்றைக்கு ஜன்னலைப் பார்க்கிறார் என்றால்...

பிரித்தேன். 17(பி)!

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கலாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17 என்று ஒரு விதி. அதில் (ஏ) பிரிவில் மெமோ வந்தால் பக்கத்து ஸீட்டுக்காரர்கள் வந்து ஆறுதல் சொல்வார்கள். (பி) பிரிவில் வந்தால் எழுந்து போய்விடுவார்கள். தண்டனை, சீட்டைக் கிழிக்கிற வரை போகலாம்.

என் மேல் குற்றம்? என் பொறுப்பில் இருந்த ஒரு ஃபைலைக் காணோம். (எந்த ஆபீஸ், எந்த ஊர் என்றெல்லாம் கேட்காதீர்கள். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) அது காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட வாரம் நான் லீவு. அரியலூர் பக்கத்தில் என் சொந்த ஊரான கல்லங்குறிச்சியில், கலியபெருமாள் கோயில் ராமநவமித் திருவிழாக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். அது யாருக்கு வேண்டும்? பதினைந்து நாளைக்குள் எழுத்து மூலமாக என் 'டிபென்ஸை'த் தாக்கல் செய்ய வேண்டும், வாய்மொழி விசாரணை வேண்டுமா என்றும் தெரிவிக்க வேண்டும் என்று மெமோ முடிந்திருந்தது.

தங்கச்சி கல்யாணத்துக்கு பி.எஃப். லோன் போட்டிருந்த நேரம். இன்கிரிமென்ட் கட் என்று காற்றுவாக்கில் செய்தி போனாலே சம்பந்தி வீட்டில் இருமுவார்கள்.

அதுவரை எனக்குத் தெரிந்த டிபென்ஸ் ரெண்டே ரெண்டுதான். ஒன்று, எங்கள் தெரு மிலிட்டரிக்காரர் லீவில் வரும்போது பெட்டிக்கு அடியில் வேட்டியில் சுற்றிக் கொண்டு வருவது. இன்னொன்று கிரிக்கெட். பேட்டைக் காலோடு ஒட்டி வைத்து டொக்கு வைக்கிறோமே, அது.

அதே பாணியில் எழுதினேன். பதினோரு பக்கம்! என் குடும்பப் பாரம்பரியம், அப்பாவின் நேர்மை, பத்தாம் வகுப்பு மார்க், பீரோவுக்குப் பூட்டு இல்லாதது, எலித் தொல்லை... எதையும் விடவில்லை.

ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் ஒரு ரிடையர்ட் சூப்பரின்டெண்டன்ட் உட்கார்ந்திருப்பார். மெமோ வாங்கியவர்களுக்கெல்லாம் குலதெய்வம். பீஸ், ஒரு டீ. பதினோரு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, கிரிக்கெட் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன் சார்."

"1975-ல கவாஸ்கர் ஆடின ஆட்டம் தெரியுமா?"

தெரியாமல் என்ன? முதல் உலகக் கோப்பை, லார்ட்ஸ் மைதானம். இங்கிலாந்து 60 ஓவரில் 334. நம்ம கவாஸ்கர் முதல் ஓவரிலிருந்து கடைசி ஓவர் வரை அவுட்டே ஆகவில்லை. 174 பந்துகளில் 36 ரன். இந்தியா 202 ரன்னில் தோல்வி.

"அதான் இது. நீங்க அவுட் ஆகல. ஆனா மேட்ச் போச்சு. எட்டு வருஷம் கழிச்சு அதே லார்ட்ஸ்ல 183 ரன்னை வெச்சுக்கிட்டு டிஃபெண்ட் பண்ணாங்களே, எப்படிப் பண்ணாங்க? விக்கெட் எடுத்தாங்க. வெஸ்ட் இண்டீஸ் 140-க்குச் சுருண்டுது. அதுக்கும் பேரு டிபென்ஸ்தான் தம்பி. அப்புறம் இந்த ஏழாம் பக்கத்துல 'என் கவனக்குறைவாலும் நேர்ந்திருக்கலாம்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, இதுக்கு வேற பேரு. ஒப்புதல் வாக்குமூலம்!"

ரோஷம் வந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ரெண்டாவது டிராஃப்ட். இந்த முறை விக்கெட்டாக எடுத்தேன். மேலதிகாரி எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை மணிக்கு பஜ்ஜி சாப்பிடப் போகிறார், போன மார்ச் மாதம் எந்த பில்லில் என்ன நடந்தது...

மறுநாள் டீக்கடையில் மனுஷன் ரெண்டாவது பக்கத்தோடு மூடிவிட்டார். "இது அஃபென்ஸ். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. கண்டுபிடிச்சிட்டு வாங்க. இன்னும் பத்து நாள் இருக்கே!"

வீட்டில் இருந்த லிஃப்கோ டிக்ஷனரியோடு தொடங்கி, சாயங்காலமானால் நூலகத்துக்குப் போய்த் தடித் தடிப் புத்தகங்களாகப் புரட்டினேன். வயிற்றெரிச்சலில் ஆரம்பித்த வேலை, உண்மையைச் சொன்னால், பிடித்துப் போய்விட்டது.

டிபென்ஸும் அஃபென்ஸும் லத்தீனில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ரெண்டுக்கும் தாய், 'அடிப்பது' என்ற பொருள் கொண்ட ஒரு வேர்ச்சொல். முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தால் அடியை விலக்குவது. வேறு எழுத்தைச் சேர்த்தால் போய் மோதுவது. சூப்பரின்டெண்டன்ட் பாதி புரட்டியதிலேயே கண்டுபிடித்தது சும்மா இல்லை!

பிரெஞ்சுக்காரன் இன்னும் ஒரு படி மேலே. அவன் ஊரில் டெஃபான்ஸ் என்றால் தற்காப்பு மட்டுமில்லை, 'கூடாது' என்றும் அர்த்தம். இங்கே சிகரெட் பிடிக்காதே என்பதற்கும் டெஃபான்ஸ். பிரான்ஸில் பழைய சுவர்களில், 1881-ம் வருஷச் சட்டத்தைக் காட்டி ஒரு டெஃபான்ஸ் எழுதியிருப்பார்கள். வீரவசனம் என்று நினைத்துவிடாதீர்கள், 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதே', அவ்வளவுதான்! யானைத் தந்தத்துக்கும் அதே பெயர்தான். யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. யானைக்கு அது டிபென்ஸ். நமக்குத்தான் தந்தம், விலை, வீரப்பன் எல்லாம்.

வேடிக்கை இல்லாத அர்த்தங்களும் உண்டு. உலகத்தில் எந்த நாட்டிலாவது 'தாக்குதல் அமைச்சர்' என்று யாரையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம் ஊரில் ராணுவ இலாகா என்றிருந்ததற்கு 1938-ல் டிபென்ஸ் இலாகா என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் ஒளிவுமறைவில்லாமல் போர் இலாகா என்றே வைத்திருந்தவர்கள், ரெண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1947-ல் அதை எடுத்துவிட்டார்கள். 1949-லிருந்து அங்கேயும் டிபென்ஸ். (2025 செப்டம்பரில் டிரம்ப் பழைய பெயரையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார். அந்த மட்டுக்கும் வெளிப்படை!) 1962-ல் சீனா படையெடுத்தபோது வந்த இந்தியப் பாதுகாப்புச் சட்டம், 1965-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது யார் மேல் பாய்ந்தது? கலைஞரை அந்தச் சட்டத்தில்தான் பாளையங்கோட்டை ஜெயிலில் போட்டார்கள். பெரிய கை இந்த வார்த்தையை எடுத்தால் சின்ன ஆள் குனிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சின்ன ஆளுக்கும் சட்டம் ஒரு டிபென்ஸ் வைத்திருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. தற்காப்பு உரிமை. உன்னை ஒருத்தன் அடிக்க வந்தால் தடுக்கலாம், திருப்பியும் அடிக்கலாம். உன்னை மட்டுமில்லை, பக்கத்தில் இருப்பவனையும் காப்பாற்றலாம். ஆனால் காத்துக்கொள்ள எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அடிக்கலாம். அதற்கு மேல் ஒரு அடி விழுந்தாலும் உரிமை போச்சு. என் ரெண்டாவது டிராஃப்டின் பஜ்ஜி விவகாரம் அந்த ஒரு அடியில் வருகிறது என்று அங்கேதான் உறைத்தது.

அறிவு வளர்ந்துவிட்டது. பேப்பர் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் ஆறு நாள். சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டேன்.

அப்பா கொல்லையில் இருந்தார். முள்ளு வெட்டி வந்து வேலி அடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் மண் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அரசு சிமெண்ட் ஆலைக்கு இங்கிருந்துதான் கல் போகிறது. தோண்டினால் கை அகலத்துக்குக் கிளிஞ்சல் கிடைக்கும். சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல். அந்தக் கடலில் இருந்த சிப்பிகள், எவனும் தின்றுவிடக் கூடாதே என்று தடித்தடியாக ஓடு கட்டிக்கொண்டன. புவியியல்காரர்கள் இந்தப் பாறை அடுக்குக்கே எங்கள் ஊர்ப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாவம், சிப்பி தனக்குக் கட்டிய டிபென்ஸை நாம் சுட்டு அரைத்து மூட்டை கட்டி, காம்பவுண்ட் சுவர் எழுப்பிக்கொள்கிறோம்!

முள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே மெமோ விஷயத்தை மெதுவாக அவிழ்த்தேன். அப்பா வேலையை நிறுத்தவில்லை.

"டிபென்ஸுன்னா என்னாடா?"

வேலியைப் பார்த்தேன். இங்கிலீஷில் வேலிக்கு ஃபென்ஸ் என்கிறோமே, அது டிபென்ஸின் தலையை வெட்டிய மிச்சம்தான் என்று முந்தாநாள்தான் படித்திருந்தேன். நம்ம சென்னைப் பொண்ணு பவானி தேவி டோக்கியோ ஒலிம்பிக்ஸில் போட்ட வாள்சண்டைக்கு ஃபென்சிங் என்று பெயர் வந்ததும் அதே வழியில்தான்.

"இதுதாம்ப்பா. வேலி."

"அவ்ளோதானா? போன மாசம் நம்ம கொல்லையில ஆடு மேஞ்சுது. பஞ்சாயத்துல கேட்டப்ப என்னா சொன்னேன்? எங்க தாத்தா நல்லவரு, நான் நல்லவன்னா சொன்னேன்? ஆட்டுக்காரன் பொண்டாட்டி எப்படின்னா சொன்னேன்? இன்ன தேதி, இன்ன எடத்துல வேலி நின்னுது, இந்தப் பக்கமா பூந்துருக்கு, வந்து பாருங்கன்னேன். வேலி எங்க இருந்துச்சுன்னு காட்டுடா. ஆடு யாருதுன்னு அவங்க பாத்துக்கட்டும்."

திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போய், முதல் காரியமாக என் தன்பதிவேட்டைப் பிரித்தேன். லீவில் போன அன்றைக்கு எந்தெந்த ஃபைலை யாரிடம் ஒப்படைத்தேன் என்று ஒரு பட்டியல். அதில் அந்த ஃபைல், எட்டாவது வரி. எதிரே, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்து! பதினோரு பக்கம் எழுதினேனே, இந்த எட்டாவது வரி எங்கே போனது என்று கேட்பீர்கள். பயத்தில் இருப்பவன் கண்ணுக்குத் தன் பீரோவே தெரியாது சார்.

மூன்றாவது டிராஃப்ட் ஒன்றேகால் பக்கம். குற்றச்சாட்டை மறுக்கிறேன். லீவு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. ஒப்படைத்த பட்டியலின் நகல் இணைப்பு. வருகைப் பதிவேட்டின் நகல் எனக்குத் தர வேண்டும். வாய்மொழி விசாரணை வேண்டும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள. ஃபைலை வாங்கிக்கொண்டவரைப் பற்றி அதிகப்படியாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. அவர் வேலி அவர் பாடு.

சூப்பரின்டெண்டன்ட் படித்துவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் டீக்கடைக்காரரிடம் ரெண்டு விரலைக் காட்டினார். அன்றைக்கு டீ அவர் செலவு.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். விசாரணை பதினான்கு மாசம் இழுத்தது. அதற்குள் தங்கச்சி கல்யாணம் வட்டிக் கடனில் நடந்து முடிந்தது. அந்த வட்டியை எந்த விதியிலும் திருப்பித் தர மாட்டார்கள். கடைசியில் 'மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறது' என்று அரைப் பக்கத்தில் ஒரு ஆர்டர் வந்தது. ஃபைல் இன்று வரை வரவில்லை.

போன மாசம் பக்கத்து செக்ஷன் பையன் ஒருத்தன் பழுப்புக் கவரோடு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. கையில் அவன் எழுதிய பதில், ஒன்பது பக்கம். முதல் பாராவிலேயே தாத்தா வந்துவிட்டார்.

"இதை மடிச்சு உள்ள வைப்பா," என்றேன். "ஆடு எந்தப் பக்கமா பூந்துச்சு?"

"ஆடா சார்?" என்று முழித்தான்.

"டீ சொல்லு, சொல்றேன்."