முதல் வலிப்பு எப்போது வந்தது?

வலிப்பும் மூளைக்கட்டியும் குறித்து நரம்பியல் மருத்துவர்கள் கூடும் மாநாடுகளில் ஓர் அமர்வு தவறாமல் இருக்கும். நோயாளியை முதலில் பார்த்த மருத்துவர் தொடங்கிவைப்பார். அறுவை செய்தவர் அடுத்துப் பேசுவார். கடைசியாக வருவார் பெத்தாலஜிஸ்ட். வெட்டியெடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, அது என்ன நோய் என்று பெயர் சொல்ல வேண்டியவர் அவர்தான். "மெதுவாக வளரும் வகைக் கட்டி" என்று அவர் முடித்ததும், அரங்கில் யாராவது எழுந்து கேட்பார்கள்: "இவருக்கு முதல் வலிப்பு எப்போது வந்தது?" பதில் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் வரும்.

அந்த ஆண்டுகளில் நோயாளி எங்கே இருந்தார்? மந்திரிப்பவரிடம், மருந்துக்கடையில், 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று சொன்ன உறவினர் வீட்டில். என் வெளிநோயாளர் பிரிவிலும் வாரந்தோறும் இதே கதைதான். உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இவ்வளவு நல்ல பலன் தரும் சிகிச்சை இருந்தும் மக்கள் முற்றிய நிலையில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

இழுப்பு இல்லாத வலிப்பு

வலிப்பு என்றதும் கீழே விழுந்து, கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் காட்சிதான் எல்லோர் மனதிலும் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதியில் மட்டும் கிளம்பும் வலிப்பு பல சமயம் அப்படி வராது. வயிற்றிலிருந்து ஏதோ மேலேறி நெஞ்சை அடைக்கும். இல்லாத நாற்றம் மூக்கில் அடிக்கும். இது முன்பே நடந்ததாயிற்றே என்று தோன்றும். பேச்சு நின்று, பார்வை ஓரிடத்தில் நிலைத்துவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்தும்விடும்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா அழைத்துவந்திருந்தார். "ஃபிட்ஸ் எல்லாம் இல்லீங்க டாக்டர். ஒரு நிமிஷம் பிரமை புடிச்ச மாதிரி உக்காந்திருப்பா, கூப்பிட்டா பதில் வராது. காத்து கருப்பு பட்டிருக்கும்னு அவ பாட்டி சொன்னாங்க. கோயில் கோயிலா போயிட்டோம்." கூட வந்த தம்பி செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கை பாதியில் நிற்கிறது. வாய் மட்டும் மென்றுகொண்டே இருக்கிறது, வாயில் சோறு இல்லை. இடது கைவிரல்கள் துப்பட்டாவின் ஓரத்தை உருட்டி உருட்டிக் கசக்குகின்றன. அந்த வீடியோவிலேயே நோய் தெரிந்துவிட்டது. ஸ்கேனில் பொட்டுப் பகுதி மூளையில் சிறு கட்டி. அறுவைக்குப் பின் பெத்தாலஜிஸ்ட் சொன்ன பெயர் 'கேங்லியோகிளையோமா'. முழுவதும் அகற்றிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு நின்றுவிடக்கூடிய, சாதுவான கட்டி அது. ஏழாம் வகுப்பிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு இப்படி வந்துகொண்டிருந்திருக்கிறது. கவனக்குறைவு என்று வகுப்பில் திட்டும் அடியும் வாங்கியிருக்கிறாள்.

மெதுவாக வளரும் மூளைக்கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவை வலிப்பாகத்தான் முதலில் வெளிப்படுகின்றன. அப்போது பலருக்குத் தலைவலி இருக்காது, வாந்தி இருக்காது. எனவே வளர்ந்த ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால், 'வெயிலில் நின்றதால் வந்தது', 'சாப்பிடாமல் இருந்ததால் வந்தது' என்று நீங்களாகக் காரணம் கற்பிக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுத்தாக வேண்டும். முடிந்தால் வலிப்பு வரும்போது வீடியோ எடுத்து வாருங்கள்.

சாவி, வெங்காயம், செருப்பு

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. படித்தவர்களும் செய்கிறார்கள். "சாவி குடுத்ததும் நின்னுடுச்சே டாக்டர்" என்று என்னிடம் வாதாடுகிறார்கள். பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடும். நீங்கள் ஓடிப்போய் சாவியைத் தேடி எடுத்துவந்து விரல்களைப் பிரித்து உள்ளே வைப்பதற்குள் அந்த நேரம் கடந்திருக்கும். நல்ல பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது. வெங்காயத்தைக் கசக்கி முகர வைப்பதும், செருப்பை மூக்கருகே பிடிப்பதும் இதே கதைதான்.

சாவியால் பெரிய கேடில்லை. வாய்க்குள் கரண்டி நுழைப்பதுதான் கொடுமை. நாக்கைக் கடித்துவிடுவாரோ, விழுங்கிவிடுவாரோ என்ற பயம். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கடித்த நாக்கு சில நாளில் ஆறிவிடும். கரண்டியால் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். நான்கு பேர் சேர்ந்து கை கால்களை அமுக்கிப் பிடித்தால் தோள்மூட்டு விலகும்.

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். அடுப்பு, கூரான பொருள்கள் பக்கத்தில் இருந்தால் அகற்றுங்கள். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள். சட்டைக் கழுத்தைத் தளர்த்துங்கள். ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள், எச்சில் வழிந்து வெளியே போகட்டும். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தாலோ, 108-ஐ அழையுங்கள். அடிக்கடி வலிப்பு வருபவர்களுக்கு மூக்கில் அடிக்கும் மருந்து எழுதிக் கொடுத்திருப்போம். அதை அலமாரியில் பூட்டி வைக்காமல் கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

கற்பூரத்தைக் குழந்தையிடமிருந்து தள்ளி வையுங்கள்

சளி பிடித்த குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். சட்டையில் கற்பூரத்தை முடிந்து விடுவார்கள். தலையணையில் நீலகிரித் தைலத்தைச் சொட்டு விடுவார்கள். கற்பூரம் வலிப்பைத் தூண்டும் பொருள். 1934-ல் ஹங்கேரியில் மெடூனா என்ற மனநல மருத்துவர் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைக்க ஊசி மூலம் செலுத்தியது கற்பூர எண்ணெயைத்தான். கற்பூரமும் யூகலிப்டஸ் எண்ணெயும் கலந்த தைலங்களைப் பயன்படுத்தியபின் வலிப்பு வந்த நோயாளிகளைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரைகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்கள் இந்தத் தைலங்களைத் தொடாமல் இருப்பதே நல்லது. பூஜை அறைக் கற்பூரத்தைக் கல்கண்டு என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுவிட்டால், வலிப்பு வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மருந்துக்கடை டாக்டர்கள்

தலைவலிக்கு மெடிக்கலில் பிரித்துக் கொடுக்கும் நான்கு மாத்திரைகளைப் பற்றி எழுதவே கோபம் வருகிறது. அதில் பல சமயம் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கிறது. மூளைக்கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை ஸ்டீராய்டு மளமளவென்று வடித்துவிடும். தலைவலி பறந்துவிடும். கட்டி இருந்த இடத்தில் இருக்கும். அந்தப் பொய்யான நிம்மதியில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. கண் மங்கத் தொடங்கிய பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள்.

இன்னொரு கேடும் உண்டு. மூளையில் வரும் 'லிம்போமா' வகைக் கட்டி ஸ்டீராய்டு பட்டதும் தற்காலிகமாகக் கரைந்துவிடும். அப்போது திசு எடுத்து அனுப்பினால் பெத்தாலஜிஸ்டால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டி மறுபடி தலைகாட்டும்வரை காத்திருந்து, மீண்டும் மண்டையில் துளையிட்டுத் திசு எடுக்க வேண்டிவரும். விடியற்காலையில் வரும் தலைவலி, கூடவே வாந்தி, இரட்டையாகத் தெரியும் பார்வை, ஒரு பக்கக் கை கால் பலவீனம், நாளுக்கு நாள் கூடும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

வலிப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவது இதைவிட மோசம். "ஆறு மாசமா வரல, அதான் நிறுத்திட்டேன்" என்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டதால்தான் ஐயா வரவில்லை! திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வரலாம்; தீவிர சிகிச்சைப் பிரிவில் வந்து முடியலாம். 'இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், மூன்று மாதத்தில் வேரோடு குணம்' என்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, அவற்றுக்குள் ஃபெனிட்டாயின், ஃபினோபார்பிட்டோன் போன்ற அதே ஆங்கில மருந்துகள் இருந்ததாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்துள்ளன. அளவு மட்டும் யாருக்கும் தெரியாது. புதிதாக மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் அன்றே மருத்துவரிடம் ஓடி வாருங்கள். அதில் தாமதம் கூடாது.

சைவம் சாப்பிடுபவருக்கு மூளையில் புழுவா?

ஸ்கேன் கருவிகள் நம் நாட்டுக்கு வந்த புதிதில், வலிப்போடு வருபவர்களின் மூளையில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி அடிக்கடி தெரிந்தது. காசநோய்க் கட்டிதான் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். புள்ளி மறையும், மருந்தால் மறைந்தது என்று நம்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் சந்தேகப்பட்டு அந்தப் புள்ளிகளிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பலவற்றில் இருந்தது காசநோய் அல்ல, நாடாப்புழுவின் இளம்பருவம். 1989-ல் லான்செட் இதழில் இது வெளியானது. அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை தாமாகவே மறைபவை. நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன அந்த உண்மையால், தேவையில்லாத காசநோய் மருந்திலிருந்து எத்தனையோ பேர் தப்பினார்கள். பின்னாளில் வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரியவந்தது.

"நாங்க சுத்த சைவங்க" என்று அதிர்ச்சியோடு சொல்வார்கள். சரியாக வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில்தான் நாடாப்புழு வளரும். அப்படிப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை தண்ணீர், கீரை, கழுவாத கை வழியாக யார் வாய்க்குள் போனாலும், அதிலிருந்து வரும் இளம்பருவப் புழு அவர் மூளைக்குப் போய்த் தங்கலாம். அவர் வாழ்நாளில் கறியே தொட்டிருக்க வேண்டியதில்லை.

'கத்தி பட்டால் கட்டி பரவும்'

இந்த ஒரு வாக்கியத்தால் போன உயிர்கள் அதிகம். மூளையில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. மூளை உறையில் உருவாகும் மெனிஞ்சியோமாக்களில் பெரும்பாலானவை சாதுவானவை. எது சாது, எது கொடியது என்பதை ஸ்கேன் மட்டும் வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாது, திசு வேண்டும். 2021-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தோடு கட்டியின் மரபணு மாற்றங்களையும் பார்த்தால்தான் பல கட்டிகளுக்குச் சரியான பெயரே கிடைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கட்டிகளில் ஒன்றுக்கு ஐ.டி.எச். மரபணு மாற்றம் இருந்தால், அந்த நோயாளிக்குக் கிடைக்கும் ஆயுள் மிகவும் அதிகம்.

அதனால் ஒரு வேண்டுகோள். பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனை முடிந்ததும் ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது மறுபரிசோதனைக்கு அவை கட்டாயம் வேண்டும்.

மருந்துக்கு அடங்காத வலிப்புக்கும் அறுவை உண்டு. வேலூரில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1952-லேயே செய்தார். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1995-லிருந்து தொடர்ந்து நடக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளில் அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம் பேர் ஓராண்டில் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 7 சதவீதம். சரியான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அறுவை பற்றிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கல்யாணத்துக்காக மறைக்காதீர்கள்

வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடம்கொடுத்த சட்ட வாசகம் 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வழியில்லாமல் அந்தப் பெண் நிறுத்திவிடுகிறாள், வலிப்பு வருகிறது. சொல்லிவிட்டே கல்யாணம் செய்யுங்கள். குழந்தை பெறத் திட்டமிட்டால் முன்கூட்டியே வந்து பேசுங்கள். வால்ப்ரோயேட் மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும், அதை மாற்றிக் கொடுக்க எங்களுக்கு அவகாசம் வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நீங்களாக நிறுத்தினால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து.

கெஞ்சிக் கேட்கிறேன்

கழிப்பறையிலிருந்து வந்ததும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீரையைத் தண்ணீர் மாற்றி மாற்றி அலசுங்கள். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று ஹெல்மெட்டை வீட்டில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள், தலைக்காயத்தால் வரும் வலிப்பு ஆயுளுக்கும் துரத்தும். பிரசவம் மருத்துவமனையில் நடக்கட்டும். பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தையைப் பிறகு வலிப்போடு தூக்கிவரும் தாய்மார்களைப் பார்க்க முடியவில்லை. வலிப்பு உள்ளவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ இறங்காதீர்கள், மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

காசில்லை என்று மட்டும் மருந்தை விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் வலிப்பு மாத்திரைகள் இலவசம். மூளைக்கட்டி அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப அட்டையையும் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு, பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு இந்த வாரமே கிளம்புங்கள்.