கல்லில் விழும் நிழல்

ஜெய்ப்பூர் நகரின் நடுவே ஒரு மாபெரும் கற்படிக்கட்டு வானை நோக்கி எழுந்து நிற்கின்றது. அது கோபுரமும் அன்று, கோயிலும் அன்று. ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடத்தின் சாம்ராட் யந்திரம் என்னும் சூரிய கடிகாரம் அது. உயரம் ஏறக்குறைய 27 மீட்டர்.

அந்நகரை 1727-ஆம் ஆண்டில் நிறுவிய மன்னர் சவாய் ஜெய்சிங் இதனை எழுப்பினார். டில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய ஐந்து இடங்களில் அவர் வானாய்வுக் கூடங்கள் அமைத்தார். மதுராவில் இருந்தது இன்று இல்லை. சிறிய பித்தளைக் கருவிகள் தேய்ந்தும் அசைந்தும் பிழை காட்டுவதைக் கண்டே, அவர் கல்லையும் சுண்ணாம்பையும் நாடினார்.

சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துள்ளது. அதன் நிழல் இருபுறமும் உள்ள வளைந்த கல் அளவுகோல்களின்மீது நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நகர்கின்றது. நாம் பரலோக மந்திரத்தை ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள், நிழல் ஒரு விரற்கடை கடந்துவிடும்! அருகிலுள்ள ஜெய்பிரகாஷ் யந்திரமோ, தரையில் குழித்த பளிங்குக் கிண்ணங்கள். கவிழ்ந்த வானத்தை நிமிர்த்தி வைத்தாற்போன்ற அவற்றில், குறுக்குக் கம்பிகளின் நடுவே தொங்கும் தகட்டின் நிழல், கதிரவன் நிற்கும் இடத்தைக் காட்டும். ராம யந்திரம் விண்பொருள்களின் உயரத்தையும் திசையையும் அளப்பதற்கு உரியது.

இவ்வளவும் செய்த மன்னர் தம் அளவுகளே முடிந்த முடிபு என்று இருந்துவிடவில்லை. ஆக்ராவில் பணியாற்றிய சேசு சபைக் குரு மனுவேல் பிகெய்ரேதோ அடிகளாரின் தலைமையில் போர்த்துக்கலுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். லா ஹயர் என்னும் பிரெஞ்சு அறிஞரின் வானியல் அட்டவணைகள் அவ்வழியே அவர் கைக்கு வந்தன. அவற்றை வானத்தோடு ஒப்பிட்டபோது, சந்திரனின் நிலையில் அரைப்பாகை வேறுபாடு தெரிந்தது. அது முழுநிலவின் அகலத்திற்குச் சமம். ஐரோப்பியரின் கருவிகள் சிறியவையாய் இருந்ததே காரணம் என்று அவர் கருதினார்.

ஆயினும் உரையாடலை அவர் முறித்துக்கொள்ளவில்லை. அவரது அழைப்பை ஏற்று 1734-இல் சந்தர்நாகூரிலிருந்து பூதியே, போன்ஸ் என்னும் இரு சேசு சபைக் குருக்கள் ஜெய்ப்பூருக்குப் பயணமாயினர். வழிநெடுக ஊர்களின் இருப்பிடங்களையும் அளந்து சென்றனர். 1740-இல் செர்மானியக் குருக்கள் இருவர் வந்து சேர்ந்தனர்.

கற்கருவிகளுக்கும் எல்லை உண்டு. கதிரவன் ஒரு புள்ளியன்று. ஆகவே பெரிய சுவரின் நிழல் ஓரம் மங்கலாகவே விழும். தொலைநோக்கி பொருத்திய கருவிகளே பின்னர் வானியலை முன்னே அழைத்துச் சென்றன. எனினும், 2010-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஜெய்ப்பூர்க் கூடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இந்து மன்னரும், அவரிடம் பணியாற்றிய இசுலாமிய அறிஞரும், கத்தோலிக்கக் குருக்களும் ஒரே வானை அண்ணாந்து நோக்கினர். ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்த்தனர். அதனால் எவர் விசுவாசமும் குன்றவில்லை. படைத்தவரின் ஒழுங்கை ஆராய்வோர் தம் பிழையை ஒப்புக்கொள்ளவும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். பள்ளியில் கற்றதைப் பற்றி நம் பிள்ளைகள் வினா எழுப்பும்போது, அவர்களை அதட்டி அடக்காமல், உடன் அமர்ந்து நாமும் தேடுவோமாக.