கப்போர்டு கையோடு வந்துவிடும்! வெள்ளைக்கல் சுவரில் வெறும் 'பிளக்' தாங்காது

நெல்லை:

நெல்லை, பாளை பகுதிகளில் புது வீடு கட்டுபவர்கள் செங்கல்லுக்கு பதிலாக வெள்ளை நிற 'லைட் வெயிட்' பிளாக் வைத்து சுவர் எழுப்புவது சகஜமாகி விட்டது. வேலை சீக்கிரம் முடிகிறது, சுவரின் எடையும் குறைகிறது. அதே சுவரில் அடுப்படி கப்போர்டை மாட்டும்போதுதான் வில்லங்கம்.

அம்பை, கல்லிடைக்குறிச்சி பக்கம் பழைய வீடுகளில் இந்த தொல்லை கிடையாது. கனத்த செங்கல் சுவருக்குள்ளேயே அலமாரி இருக்கும். பித்தளை அண்டா, தவலை எல்லாம் பரணுக்கு போய்விடும். இப்போது அத்தனையும் சுவரில் தொங்குகிறது, அதுவும் அடுப்புக்கு முன்னால் நிற்பவரின் தலைக்கு நேராக.

இந்த கல் சிமெண்ட், சுண்ணாம்பு, அனல்மின் நிலைய சாம்பல் ஆகியவற்றோடு கொஞ்சம் அலுமினிய பொடி கலந்து செய்யப்படுகிறது. வாயு கிளம்பி, ஆப்பமாவு மாதிரி பொங்கும். பிறகு நீராவி அழுத்தத்தில் வேக வைக்கிறார்கள். ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோதான். செங்கல் என்றால் 1,600 கிலோவுக்கு குறையாது. அதாவது பாதிக்கு மேல் காற்று!

3 அடி அகலம், 2 அடி உயரம், 1 அடி ஆழமுள்ள பிளைவுட் கப்போர்டு காலியாகவே 20 கிலோவை தாண்டும். எவர்சில்வர் பாத்திரம், பருப்பு டப்பா, மிக்சி ஜார் என அடுக்கினால் 60, 70 கிலோ. எடை கீழே இழுப்பதோடு நிற்பதில்லை, மேல் ஸ்குரூவை சுவரை விட்டு வெளியேயும் இழுக்கும். 70 கிலோவுக்கு அந்த இழுவை சுமார் 18 கிலோ. உயரம் 1 அடியாக குறைந்தால் இழுவை இரண்டு மடங்கு. கதவை திறந்து மூட, திறந்து மூட ஓட்டை பெரிதாகி பிளக் 'லொட லொட'ன்னு ஆகிவிடும்.

ஒன்றரை அங்குல பிளக் போட்டு ஆசாரி முறுக்கும்போது கெட்டியாத்தான் இருக்கும். ஆனால் டைல்ஸும் பூச்சும் சேர்ந்தே கிட்டத்தட்ட ஒரு அங்குலம் போய்விடுகிறது. கல்லுக்குள் இறங்குவது அரை அங்குலம்தான். பிடித்திருப்பது கல் இல்லை, பூச்சு!

இதற்கு 4 அங்குல நீள நைலான் ஆங்கர் அல்லது கெமிக்கல் ஆங்கர் வேண்டும். டிரில்லிங் மிஷினில் 'ஹேமரை' நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளை போட வேண்டும். இடித்து போட்டால் ஓட்டை அகண்டுவிடும். உள்ளே இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் கெமிக்கலை விட்டால் அது தூளில்தான் ஒட்டும், கல்லில் ஒட்டாது. ட்யூப்பில் போட்டிருக்கும் நேரம் வரை காத்திருக்காமல் கப்போர்டை மாட்டுவதும் வீண். சுவருக்கு அந்த பக்கமும் நம்ம வீடுதான் என்றால் போல்ட்டை மறுபக்கம் வரை விட்டு, இரும்பு பிளேட் வைத்து முறுக்குவது எல்லாவற்றையும் விட பலம். பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான்.

ஹாலோ பிளாக் சுவர் என்றால் கதை வேறு. உள்ளே வெற்றிடம். அந்த வரிசை கல்லில் கட்டும்போதே கான்கிரீட் நிரப்பச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னும் கட்டி முடிக்காதவர்களுக்கு செலவு குறைந்த வழி இருக்கிறது. 7 அடியில் வரும் லிண்டலை ஜன்னலோடு நிறுத்தாமல் அடுப்படி சுவர் முழுக்க ஓட்டச் சொல்லலாம். கப்போர்டை நாலு அங்குலம் ஏற்றி வைத்தால் மேல் ஸ்குரூ நேராக கான்கிரீட்டில் இறங்கும். கொத்தனாரும் ஆசாரியும் ஒரே நாளில் வந்து பேசிக்கொள்வது அபூர்வம் என்பதால் வீட்டுக்காரர்தான் இதை ஞாபகம் வைத்து சொல்ல வேண்டும்.

ஏற்கனவே மாட்டியாகிவிட்டதா? கப்போர்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை செருகிப் பாருங்கள். போன மாதம் நுழையாத கார்டு இன்று நுழைந்தாலோ, கீழே வெள்ளை தூள் கொட்டிக் கிடந்தாலோ, அன்றைக்கே பாத்திரங்களை இறக்கிவிடுங்கள். பழைய ஓட்டையில் பெரிய பிளக்கை அடித்து சமாளிக்கக் கூடாது, தள்ளி புது துளை போட வேண்டும். இல்லாவிட்டால் கப்போர்டின் இரண்டு பக்கமும் பலகை கொடுத்து கடப்பா மேடையில் நிற்க வைத்துவிடலாம். அப்போது எடை மேடைக்கு போய்விடும், முன்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் ஸ்குரூவின் வேலை.