கோழிக் கழிச்சலும் நமது கடமையும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து நெசவாளர், உழவர் இல்லங்களில் புறக்கடைக் கோழி ஒரு சிறு சேமிப்பாகும். சிந்திய நெல்லையும் கறையானையும் தின்று, 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்து, முட்டையும் அவசரச் செலவுக்குப் பணமும் தருகிறது. இச்சேமிப்பைச் சில நாள்களில் அழிக்கவல்லது வெள்ளைக்கழிச்சல்.

1926-ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட இந்நோய், நம் நாட்டில் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேட் நகரின் பெயராலும் வழங்குகிறது. வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. முன்கூட்டித் தடுப்பதே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் தடுப்பூசியும் அவசியம்.

ஒரு வீட்டில் கண்ட நோய் தெருவெங்கும் பரவும். நோயுற்ற கோழியைச் சந்தையில் விற்பது அயலாருக்கு நட்டத்தை விற்பதாகும். ஆதலின் அங்கத்தினர்கள் கோடைக்கு முன்னரே தெருவாரியாகக் கூடிக் கால்நடை மருந்தகத்தை அணுகுவார்களாக.