செம்பனையின் வேர்வழி நோயும் டி.என்.ஏ. சோதனையும்

கம்போங் குவாந்தான் என்றவுடன் ஆற்றோர மரங்களில் ஒளிரும் மின்மினிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூர் அமைந்த கோலசிலாங்கூர் வட்டாரத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நடைபெற்றது. அச்செம்பனையை அழிக்கும் நோயொன்றையும், அதனை முன்கூட்டியே அறியும் வழியையும் ஈண்டுக் காண்போம்.

அந்நோய் அடித்தண்டு அழுகல் எனப்படும். கானோடெர்மா போனினென்ஸ் என்னும் பூஞ்சை அதற்குக் காரணம். 1931இல் மலாயாவில் பதிவு செய்யப்பட்டபோது அது முதிய மரங்களின் நோயாகவே கருதப்பட்டது. மறுநடவு பெருகிய பின்னர் இளமரங்களும் அதற்கு இரையாயின. மண்ணில் எஞ்சிய பழைய செம்பனை, தென்னை அடிக்கட்டைகளில் தங்கும் பூஞ்சை, அவற்றைத் தொடும் வேர்களின் வழியே புதிய மரத்தினுள் புகுகிறது.

குருத்துகள் விரியாமல் நிற்பதும், அடிமரத்தில் தட்டுப்போன்ற காளான் முளைப்பதும் இதன் வெளிக்குறிகள். காளான் தோன்றும்போது அடித்தண்டின் உட்பகுதியில் பாதியளவேனும் பெரும்பாலும் அழுகியிருக்கும். முற்றிய நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே, கண்ணுக்குப் புலப்படுமுன் அறிவதே இங்கு முதன்மையான தேவை.

இதற்கு டி.என்.ஏ. துணை நிற்கிறது. வேர் அல்லது தண்டின் சிறு துணுக்கை அரைத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைப் பிரிக்கின்றனர். அதில் மரத்தின் டி.என்.ஏ.வே மிகுதி, பூஞ்சையினுடையது மிகச் சிறிது. கானோடெர்மாவின் டி.என்.ஏ.வில் மட்டுமே பொருந்துமாறு அமைக்கப்பட்ட தொடக்கிகள் அப்பகுதியைப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் பி.சி.ஆர். கருவியில் வெப்பம் ஏறியிறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அப்பகுதி இருமடங்காகிறது. 30 சுற்றுகள் குறையின்றி நிகழ்ந்தால் ஒரு படி 107 கோடிப் படிகளாகும். பூஞ்சை இல்லையேல் பெருக்கமும் இல்லை.

நாற்றுப்பண்ணையிலும் இம்முறை பயன்படுகிறது. நோய் தாங்கும் வகையைத் தேர்வதற்காக, பூஞ்சை வளர்த்த ரப்பர் மரக்கட்டையைக் கன்றின் வேரோடு பொருத்தி வளர்ப்பர். எக்கன்றில் தொற்று ஏறியது என்பதை இலை வாடுமுன்பே சோதனை காட்டக்கூடும்.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. நோயுற்ற வேரை விடுத்து நல்ல வேரை எடுத்தால் நோயில்லை என்றே முடிவு வரும். இறந்த பூஞ்சையின் டி.என்.ஏ.வும் நோய் உள்ளதுபோல் காட்டக்கூடும். ஆதலால், எங்கிருந்து மாதிரி எடுத்தோம் என்பதே முடிவின் மதிப்பை வரையறுக்கிறது.

சோதனை நோயை அறிவிக்கும், அகற்றாது. மறுநடவின்போது பழைய கட்டைகளையும் வேர்களையும் தோண்டியெடுப்பதே இன்றும் அடிப்படைப் பணி. ஒரு செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகள் குலை தரும். அது இடையில் சாயுமாயின், அக்குலைகளை அறுத்துப் பிழைப்போரின் வருவாயும் உடன் குறையும். ஆய்வுக்கூடத்துச் சிறு குழாயில் நிகழும் இப்பெருக்கத்தை மாணவர்க்கு விளக்கும்போது, அதன் மறுமுனையில் நிற்கும் தோட்டத்தையும் நாம் காட்டுதல் வேண்டும்.