சுவருக்குள் ஓடும் கணக்கு

மின் வரைபடத்தில் மின்விசிறி ஒரு சிறு குறி. அறையின் நடுவில் அது இருக்கும். வாசலை ஒட்டிய சுவரில் ஸ்விட்ச் போர்டு இருக்கும். இரண்டையும் ஒரு கோடு இணைக்கும். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்தக் கோடு 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு மின்விசிறிக்கு எத்தனை மீட்டர் ஒயர் வேண்டும்?

ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று ஒயர். ஆக 6 மீட்டர் என்று புதியவர் எழுதிவிடுவார். வேலை தெரிந்தவர் சுவரை நிமிர்ந்து பார்ப்பார். போர்டு தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கூரைத் தளம் 3 மீட்டர் உயரத்தில். ஒயர் முதலில் சுவருக்குள் 1.8 மீட்டர் ஏறி, அதன் பிறகுதான் தளத்துக்குள் 2 மீட்டர் ஓடும். இணைப்புக் கொடுப்பதற்காக இரண்டு முனையிலும் 20 சென்டிமீட்டர் விட வேண்டும். ஒரு ஒயருக்கு 4.2 மீட்டர், மூன்றுக்கும் சேர்த்து 12.6 மீட்டர். புதியவர் எழுதியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

தாளில் உயரம் தெரியாது. தெரியாத அந்த 1.8 மீட்டரைக் கண்டு கணக்கில் சேர்ப்பவர்தான் எஸ்டிமேட்டர். தமிழில் மதிப்பீட்டாளர் என்கிறோம். மின் ஒப்பந்தத் தொழிலில் ஒயர்மேனையும் சூப்பர்வைசரையும் எல்லோரும் அறிவார்கள். அவர்கள் சைட்டில் கால் வைப்பதற்கு முன்பே, முழுக் கட்டடத்துக்கும் ஒருமுறை காகிதத்தில் வயரிங் செய்து முடித்துவிடும் இந்த மனிதரைப் பலர் அறிவதில்லை.

சிறிய ஒப்பந்ததாரர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்கிறார்கள். பகலெல்லாம் சைட், இரவில் சாப்பாட்டுக்குப் பின் எஸ்டிமேட். வேலைகள் பெருகும்போது ஓர் ஆளை வைத்தே தீர வேண்டிய நிலை வரும். அப்போது ஒரு விசித்திரம் புரியும். தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர் மின் உரிமம் பெற வேண்டும். சூப்பர்வைசருக்கும் ஒயர்மேனுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். நிறுவனத்தின் லாப நட்டத்தைப் பேனா முனையில் வைத்திருக்கும் எஸ்டிமேட்டருக்குச் சட்டம் கேட்கும் சான்றிதழ் எதுவும் இல்லை. அவரை எடைபோடும் பொறுப்பு முழுவதும் முதலாளியுடையது. அதற்கு அந்த வேலைக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

எண்ணுவது

முதல் படி எண்ணிக்கை. வரைபடங்களை விரித்துவைத்து, விளக்கு, மின்விசிறி, பிளக், ஏசி பாயிண்ட் என்று ஒவ்வொரு குறியையும் வண்ணப் பென்சிலால் அடையாளமிட்டு எண்ணுவார்கள். இன்று கணினித் திரையிலேயே எண்ணித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. வரைபடத்தில் இருப்பதை அவை பிசகாமல் எண்ணும். வரைபடத்தில் இல்லாததை எண்ண மனிதர்தான் வேண்டும்.

ஒவ்வொரு குறிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் ஒளிந்திருக்கிறது. ஒரு விளக்குப் பாயிண்ட் என்றால் பைப், பெண்ட், ஜங்ஷன் பாக்ஸ், சுவருக்குள் பதிக்கும் மெட்டல் பாக்ஸ், ஸ்விட்ச், அதன் மேல்தட்டு, ஸ்க்ரூ. ஒரு பெரிய கேபிள் என்றால் இரு முனையிலும் கிளாண்ட், லக், அவற்றை அழுத்திப் பொருத்தும் கூலி, கேபிள் டிரே, டிரேயைத் தாங்கும் இரும்பு. ஓர் எர்த் பிட் என்றால் குழி தோண்டுவது, எர்த் பைப் அல்லது தகடு, கரி, உப்பு, மேலே கட்டும் தொட்டி, அதன் மூடி. மூடியை மறப்பது ஒரு குழிக்குச் சிறிய தொகைதான். இருபது குழிக்கு அது சிறிய தொகை இல்லை.

பொருள்களைத் தாண்டி எல்லைக் கேள்விகளும் உண்டு. விளக்குகளை வாங்கித் தருவது யார்? சுவரில் காடி வெட்டிய பிறகு பூசித் தருவது கட்டடக்காரரா, நாமா? மின் ஆய்வுத் துறையின் ஒப்புதலுக்கான செலவு யாருடையது? வேலை நடக்கும் காலத்துக்கான தற்காலிக மின் இணைப்புக்கு யார் பணம் கட்டுவது? நல்ல எஸ்டிமேட்டர் ஒரு தொகையோடு ஒரு கேள்விப் பட்டியலையும் கொண்டுவருவார். அந்தப் பட்டியல்தான் அவர் வரைபடத்தை உண்மையிலேயே படித்தார் என்பதற்குச் சாட்சி.

செம்பின் எடை

அடுத்தது விலை. இங்கே ஒயர் வாங்குவது பெரும்பாலும் செம்பு வாங்குவதுதான். நம் ஊர்க் கடைகளில் வீட்டு ஒயர் 90 மீட்டர் சுருளாகக் கிடைக்கிறது. விளக்குக்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. ஒயரின் ஒரு சுருளில் 135 கன சென்டிமீட்டர் செம்பு இருக்கிறது. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். ஆகவே ஒரு சுருளில் சுமார் 1.2 கிலோ செம்பு. இதே கணக்கில் 2.5 சதுர மி.மீ. சுருளில் 2 கிலோ. ஏசிக்கு இழுக்கும் 4 சதுர மி.மீ. சுருளில் 3.2 கிலோ.

செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையில் நாள்தோறும் ஏறி இறங்குகிறது. டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. கிலோவுக்கு 100 ரூபாய் ஏறினால், 2.5 சதுர மி.மீ. ஒயர் 300 சுருள் தேவைப்படும் ஒரு வேலையில் செம்புக்கு மட்டும் 60,000 ரூபாய் கூடும். கொட்டேஷன் கொடுப்பது தை மாதத்தில். ஒயர் இழுப்பது ஆவணியில். இடைப்பட்ட மாதங்களின் அபாயத்தை யார் சுமப்பது என்று எழுதிவைப்பதும் எஸ்டிமேட்டரின் வேலைதான். “இந்த விலை 30 நாள் வரை மட்டும் செல்லும்” என்ற ஒற்றை வரி சில நேரம் முழு லாபத்தையும் காப்பாற்றிவிடும்.

சேதாரக் கணக்கும் உண்டு. சுவருக்குள் ஓடும் பைப்பில் ஒயரை ஒட்டுப்போடக் கூடாது. ஒட்டு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். சுவருக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படாது. எனவே சுருளின் கடைசியில் மிஞ்சும் துண்டு அடுத்த பாயிண்டுக்கு எட்டாவிட்டால் அது கழிவு. 90 மீட்டர் வாங்கினால் 90 மீட்டரும் சுவருக்குள் போகும் என்று எழுதுபவர் ஒயர் இழுத்துப் பார்த்தவராக இருக்கமாட்டார்.

மனித நேரம்

பொருளின் விலையைக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எத்தனை ஆள், எத்தனை நாள் என்பதை எந்தக் கடையிலும் கேட்க முடியாது. எஸ்டிமேட்டில் தவறு அதிகம் நுழையும் வாசல் இதுதான்.

ஒரே பைப்பைப் பதிக்க ஒரே நேரம் ஆவதில்லை. தளத்துக்குக் கம்பி கட்டி முடிந்த பிறகு, கான்கிரீட் போடுவதற்கு முன்பு கிடைக்கும் இடைவெளியில் பைப் போட்டால் வேலை வேகமாக ஓடும். அந்த நாளைத் தவறவிட்டால் பிறகு உடைத்துத்தான் போட வேண்டும். நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனையில் வார்டு வார்டாக, சத்தமில்லாமல், தூசி பறக்காமல் அதே பைப்பைப் பதிப்பது வேறு வேலை. லிஃப்ட் வராத கட்டடத்தின் பத்தாவது மாடிக்கு ஒயர் சுருளைத் தோளில் சுமந்து ஏறும் நேரமும் கூலிதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் நாட்களும் கணக்கில் வர வேண்டும்.

அமெரிக்காவில் மின் ஒப்பந்ததாரர்களின் தேசியச் சங்கம் இதற்காகவே ஒரு கையேடு வெளியிடுகிறது. எந்தப் பொருளைப் பொருத்த எத்தனை மணி நேரம் ஆகும் என்பதைச் சாதாரணம், கடினம், மிகக் கடினம் என்று மூன்று நிலைகளில் அது பட்டியலிடுகிறது. நம் நாட்டில் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலும், ஒவ்வொரு வேலைக்கும் பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துப் போடும் ‘டேட்டா’வும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகின்றன. எந்தப் பட்டியலானாலும் அது சராசரிதான். உங்கள் ஆட்கள், உங்கள் சைட், உங்கள் ஊர் ஆகியவற்றின் உண்மை அளவு உங்கள் பழைய வேலைகளின் பதிவேட்டில் மட்டுமே கிடைக்கும்.

செலவு வேறு, விலை வேறு

பொருள், கூலி, போக்குவரத்து, கருவி வாடகை, அலுவலகச் செலவு, பில் பணம் தாமதமாக வருவதால் ஏறும் வட்டி. இவற்றைக் கூட்டினால் செலவு கிடைக்கும். அதன் மேல் லாபம் வைக்கும் இடத்திலும் பலர் சறுக்குகிறார்கள். 10 லட்சம் ரூபாய் செலவாகும் வேலைக்கு 20 சதவீதம் கூட்டி 12 லட்சம் என்று விலை சொல்பவர், தனக்கு 20 சதவீதம் நிற்கும் என்று நம்புகிறார். 12 லட்சத்தில் 2 லட்சம் என்பது 16.7 சதவீதம்தான். வரும் பணத்தில் 20 சதவீதம் நிற்க வேண்டுமானால் விலை 12.5 லட்சமாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். செலவைச் சொல்வது எஸ்டிமேட்டர். விலையைச் சொல்வது முதலாளி. எப்படியாவது இந்த வேலை வேண்டும் என்று முதலாளி லாபத்தைக் குறைக்கலாம். அது அவர் பணம், அவர் முடிவு. ஆனால் “கொஞ்சம் கையைச் சுருக்கி, செலவையே குறைத்துக் காட்டுங்கள்” என்று எஸ்டிமேட்டரிடம் சொல்லும் நாளில், நிறுவனம் தன்னிடம் இருந்த ஒரே நேர்மையான அளவுகோலை வளைத்துவிடுகிறது. அதன் பிறகு நட்டம் வந்தால், அது சைட்டில் வந்ததா, மேசையில் வந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வென்றவருக்கு வரும் இழப்பு

1971ஆம் ஆண்டு கேப்பன், கிளாப், கேம்பெல் என்ற மூன்று அமெரிக்கப் பெட்ரோலியப் பொறியாளர்கள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கு நிறுவனங்கள் மூடிய உறையில் ஏலம் கேட்டன. வென்றவர்களுக்கு எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. காரணம் எளியது: எண்ணெயின் அளவை எல்லோரும் ஊகித்தார்கள், மிக அதிகமாக ஊகித்துத் தவறு செய்தவர் அதிக விலை கேட்டு வென்றார். பொருளியலில் இதை ‘வென்றவரின் சாபம்’ என்கிறார்கள்.

டெண்டரில் இது தலைகீழாக நடக்கிறது. ஐந்து பேர் ஒரே கட்டடத்துக்கு எஸ்டிமேட் போடும்போது, மிகக் குறைந்த தொகை வருவது பெரும்பாலும் எதையோ மறந்தவரிடமிருந்துதான். போட்டியில் வென்றது திறமையாலா, மறதியாலா என்பது வேலை பாதி நடந்த பிறகே தெரியும். 10 சதவீத லாபத்தில் தொழில் செய்பவர் 50,000 ரூபாய்ப் பொருளை எண்ண மறந்தால், அதை மீட்க இன்னொரு 5 லட்சம் ரூபாய் வேலையைச் சம்பளமில்லாமல் செய்து முடிக்க வேண்டும்.

இதனால்தான், பிடித்துவந்த வேலைகளின் எண்ணிக்கைக்கேற்ப எஸ்டிமேட்டருக்குக் கமிஷன் தருவது ஆபத்து. குறைத்து எழுதுபவருக்கே அதில் பரிசு. நிலையான சம்பளமும், எஸ்டிமேட்டுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால் ஊக்கத்தொகையும் கொடுப்பதே முறை.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ இருந்தால் நல்லது. கேபிள் நீளமானால் மின்னழுத்தம் குறையும், அப்போது தடிமனான கேபிள் போட வேண்டும், அதனால் கிளாண்டும் லக்கும் டிரேயும் மாறும் என்ற தொடர் அவருக்குப் புரிய வேண்டும். ஆனால் சில ஆண்டுகளாவது சைட்டில் நின்றிருப்பது அதைவிட முக்கியம். ஒயர் இழுக்கும்போது பெண்டில் சிக்கி, இரண்டு பேர் அரை நாள் போராடியதைக் கண்டவர்தான் பெண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து நேரம் எழுதுவார்.

தேர்வுக்கு ஒரு நல்ல வழி உண்டு. நீங்கள் ஏற்கெனவே முடித்து, கணக்கும் தீர்த்துவிட்ட ஒரு வேலையின் வரைபடத்தைக் கொடுத்து எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். விடை உங்கள் கையில் இருக்கிறது. மொத்தத் தொகை நெருங்கி வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மொத்தம் சரியாகத் தெரியக்கூடும். ஒயரில் எவ்வளவு, கூலியில் எவ்வளவு என்று பிரிவு பிரிவாகப் பாருங்கள். அவர் என்ன கேள்விகள் கேட்டார் என்று பாருங்கள்.

வேலைக்கு எடுத்த பிறகு நம்ப வேண்டும், சரிபார்க்கவும் வேண்டும். ஒவ்வொரு வரியையும் முதலாளி மறுபடி கூட்டிப் பார்ப்பது வீண். சதுர அடிக்கு என்ன வருகிறது, பாயிண்டுக்கு என்ன வருகிறது, பொருளுக்கும் கூலிக்கும் என்ன விகிதம் என்று பழைய வேலைகளோடு ஒப்பிட்டால், எங்கோ ஒன்று விடுபட்டிருப்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நிறுவனத்தின் நினைவும் அவரோடு போய்விடும்.

எபேசஸின் சட்டம்

இன்றைய துருக்கியில் உள்ள பழைய கிரேக்க நகரம் எபேசஸ். அங்கிருந்த ஒரு பழஞ்சட்டத்தைப் பற்றி ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்திருக்கிறார். பொதுக் கட்டடத்துக்குப் பொறுப்பேற்பவர் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வேலை முடியும் வரை அவர் சொத்து பிணையாக இருக்கும். சொன்ன தொகைக்குள் முடித்தால் மரியாதை செய்வார்கள். கூடுதல் செலவு கால் பங்குக்குள் இருந்தால் அரசே கொடுக்கும். அதைத் தாண்டினால் தாண்டியது அவர் சொத்திலிருந்து போகும்.

இன்றைய மின் ஒப்பந்ததாரருக்கு அந்தக் கால் பங்குச் சலுகையும் கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு எஸ்டிமேட்டின் ஒவ்வொரு மறதிக்கும் முதல் ரூபாயிலிருந்தே அவர்தான் பொறுப்பு. அதனால் தொழில் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபைனல் பில் போன அன்று எஸ்டிமேட்டரையும் சைட் சூப்பர்வைசரையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். எழுதிய மீட்டர் எவ்வளவு, இழுத்த மீட்டர் எவ்வளவு, எழுதிய ஆள்நாள் எவ்வளவு, ஆன ஆள்நாள் எவ்வளவு என்று அருகருகே எழுதச் சொல்லுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வேண்டாம், பதிவு செய்தால் போதும். அடுத்த எஸ்டிமேட் உண்மைக்கு நெருங்கி வர வேண்டுமானால், நடந்து முடிந்த வேலையின் உண்மை எஸ்டிமேட்டரின் மேசைக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.