பைக்குள் அடைத்த காற்று

வாடகைக்கு எடுத்த ஸ்லீப்பிங் பேக்கின் ஓரத்தில் மைனஸ் 5 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. கொடைக்கானலைத் தாண்டி, மன்னவனூரில் ஒரு டிசம்பர் இரவு. விடிந்ததும் வெளியே வந்து பார்த்தேன். புல்லில் பனித்துளிதான் இருந்தது, உறைபனி இல்லை. அப்படியானால் காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்காது. ஆனாலும் இரவு முழுக்க முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடுங்கியிருந்தேன். தப்பு பையிலா, என்னிலா என்று ஊர் திரும்பியதும் துருவ ஆரம்பித்தேன்.

முதல் பாடம், பை சூடு தருவதில்லை. அடுப்பு நாம்தான். தூங்குகிற உடம்பு சுமார் 70 முதல் 80 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று போர்வைக்குள் எரிகிற மாதிரி. அந்தச் சூடு ஓடிப்போகாமல் இழுத்துப் பிடிப்பது மட்டுமே பையின் வேலை. அதையும் செய்வது பஞ்சு இல்லை, பஞ்சின் இடுக்குகளில் மாட்டிக்கொண்ட காற்று. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. தண்ணீர் அதைவிட 20 மடங்குக்கு மேல் சுறுசுறுப்பு. ஆனால் காற்று சும்மா இருக்காது. சூடானது மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும், இந்தச் சுழற்சியில் வெப்பம் தப்பிவிடும். அதை நகரவிடாமல் எண்ணற்ற சிற்றறைகளில் உட்காரவைக்கத்தான் இழைகள்.

இந்த வித்தையை நம் இலவமரம் எப்போதோ கற்றுவிட்டது. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற நுண்குழாய். மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் ஒட்டாது, மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அதைத்தான் திணித்தார்கள். அதன் பலவீனம், நாளாக நாளாக நொறுங்கித் தூளாகிவிடும். இலவம் தலையணையை வெயிலில் காயவைத்துத் தட்டியவர்களுக்கு இது தெரியும்.

செயற்கை இழைப் பையில் இருப்பது பாலியஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய இழை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் இதுவும் ஒரே பொருள். உருக்கி நூலாக இழுக்கும்போதே நடுவில் துளைவிட்டு, சுருள வைத்தால் இலவம்பஞ்சின் உறுதியான அண்ணன் பிறக்கிறான். கடைகளில் ரெக்ரான் தலையணை என்று கேட்டு வாங்குகிறோமே, அதே குடும்பம்தான்.

வாத்து, கூஸ் பறவைகளின் மென்தூவி அடைத்த பை இதைவிடச் சிறந்தது என்று மலையேறிகள் சொல்வார்கள். எடைக்கு எடை பார்த்தால் உண்மைதான். சுருட்டினால் சின்னதாகும், விரித்தால் பூரிபோல உப்பும். ஆனால் நனைந்தால் தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், காற்றறைகள் போய்விடும், முழுதாய்க் காய நாள்கணக்கில் ஆகும். பாலியஸ்டர் இழை சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் அரை சதவீதம் நீரைக்கூட உள்ளே இழுப்பதில்லை. நனைந்தாலும் விறைப்பாக நிற்கும், பிழிந்து உதறினால் பெரும்பாலும் பழைய உருவுக்கு வரும். ‘ஈரத்திலும் கதகதப்பு’ என்ற விளம்பரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். இடுக்குகளில் நீர் நிற்கும்வரை அதுவும் குளிரத்தான் செய்யும்.

தையலையும் கவனிக்க வேண்டும். மேல்துணி, இழை, உள்துணி மூன்றையும் சேர்த்து ஒரே தையலாக ஓட்டினால் தையல் ஓடும் கோடெல்லாம் பஞ்சு நசுங்கி, குளிருக்கு வாசலாகும். நல்ல பைகளில் இழைப் பட்டைகளை ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று சரித்து அடுக்கியிருப்பார்கள்; ஒன்றின் தையலை அடுத்தது மூடிக்கொள்ளும்.

சரி, அந்த மைனஸ் 5? இதற்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரநிலை இருக்கிறது. சூடேற்றிய பொம்மைக்கு மெல்லிய உள்ளுடை அணிவித்து, பையில் நுழைத்து, பாயில் கிடத்தி, குளிரறையில் அளந்து, குளிருக்கென்று மூன்று எண்கள் தருகிறார்கள். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கும் அளவு. லிமிட், சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு சமாளிப்பது. எக்ஸ்ட்ரீம் என்பதோ 6 மணி நேரம் உயிர் தப்பும் எல்லை. அங்கே தூக்கத்துக்கு இடமில்லை. எக்ஸ்ட்ரீம் மைனஸ் 5 உள்ள பைக்கு கம்ஃபர்ட் பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டியிருக்கும். என் பையில் பெரிதாக அச்சிட்டிருந்தது மூன்றில் எது என்று சொல்லவும் வேண்டுமா?

கடைகளில் சொல்லும் ‘மூன்று பருவப் பை’ என்பது மேலைநாட்டார் கணக்கில் வசந்தம், கோடை, இலையுதிர் காலம். ஆறு பெரும்பொழுது வைத்திருக்கும் நமக்கு அது பொருந்தாது. பழனி மலை, நீலகிரி, இமயத்தின் நடுத்தர உயரங்கள் என்று போகிறவர்களுக்கு கம்ஃபர்ட் 0 முதல் 5 டிகிரி வரை உள்ள செயற்கை இழைப் பை போதும். மழையும் மூடுபனியும் மிகுந்த மலைகளில் தூவிக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி.

அன்று நான் செய்த இன்னொரு தவறு, பாய் இல்லாமல் படுத்தது. உடம்பின் கனத்தில் அடிப்பக்க இழை நசுங்கி, காற்று வெளியேறி, தரை நேரே முதுகைத் தொட்டது. கையில் காசு குறைவாக இருந்தால் பையில் மிச்சம் பிடியுங்கள், நுரைப்பாயில் வேண்டாம்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் கடையிலேயே உறையிலிருந்து உருவி, நன்றாக உதறிப் பத்து நிமிடம் விரித்து வையுங்கள். பல மாதம் இறுக்கிச் சுருட்டிக் கிடந்த இழை திரும்ப உப்பாது. அந்தப் பை தட்டையாகவே கிடந்தால், லேபிளில் எந்த எண் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.